பிள்ளைகள் மறித்த தெரு

ஆம்ஸ்டர்டாம் நகரின் டெ பைப் பகுதியில், மிதிவண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிடுவதே எனக்குப் பெரும் வேலையாயிற்று! 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எளியோர்க்கென நெருக்கிக் கட்டப்பட்ட வீடுகள். பிள்ளைகளுக்குத் தெருவே முற்றம். அதனையும் பின்னாளில் கார்கள் கைப்பற்றிக்கொண்டன. 1971இல் நெதர்லாந்துச் சாலைகளில் உயிரிழந்தோர் 3,000க்கும் அதிகம். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். 1972இல் இப்பகுதிப் பிள்ளைகளே தடுப்புகளை இட்டுத் தெருவை மறித்தனர். காரோட்டிகள் சினந்தனர்; பெரியவர்கள் தமக்குள் சச்சரவிட்டனர்.

கார்களை எங்கே நிறுத்துவது என்னும் வழக்கு நெடுநாள் நீடித்தது. 2018இல் கால்வாயின் அடியிலேயே 600 கார்களுக்கு இடம் அமைத்துவிட்டனர். தெரு அமைதியுற்றது, வீட்டு விலையும் ஏறிற்று. அன்று தடுப்பிட்ட பிள்ளைகளின் பெற்றோரைப் போன்ற தொழிலாளர், இன்று இங்கே ஒரு வீட்டை விலைக்கு வாங்க இயலாது.