சிவப்புக் குதிரை விடுதியின் பெண்

இந்த வாரம் உங்களைக் கடல் கடந்து ஒரு வழிப்போக்கர் விடுதிக்கு அழைத்துப் போகிறேன். நம் பக்கத்துச் சத்திரம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே படுக்கவும் காசு, குடிக்கவும் காசு!

அமெரிக்காவில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 20 மைல் தொலைவில் சட்பரி என்று ஓர் ஊர். பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குத் தபால் போன பழைய சாலை அதன் வழியாகச் செல்கிறது. அந்த நாட்டிலே ஆங்கிலேய ராஜாவின் ஆட்சி நடந்த காலம். 1716-ல் டேவிட் ஹௌ என்பவர் லைசென்ஸ் வாங்கி, சாலையோரத்திலிருந்த தம் வீட்டையே விடுதியாக்கினார். பின்னால் வாசலில் சிவப்புக் குதிரைப் பலகை தொங்கியது. பெயரும் அதுவே ஆயிற்று.

குளிரில் விறைத்து வந்தவனுக்கு அந்தக் காலத்து விடுதிகளில் என்ன கொடுப்பார்கள் தெரியுமோ? பீர், ரம், சர்க்கரை மூன்றையும் கலந்து, அதில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோலைத் தோய்ப்பார்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும். குடித்துவிட்டு, முன்பின் தெரியாதவனோடு ஒரே கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அது அந்த நாள் வழக்கம். மறுநாள் அத்தனை துணியையும் துவைத்தவர்களின் பெயரை எந்தச் சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

டேவிடின் மகன் எஸெகியேல் 1775 ஏப்ரல் 19 அன்று ஊராரைத் திரட்டிக்கொண்டு ஆங்கிலேயப் பட்டாளத்தை எதிர்க்கக் கான்கார்டுக்கு நடந்தார். அவருக்குப் பின் ஆடம். ஆடமுக்குப் பின் லைமன். லைமன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1861-ல் அவர் இறந்ததும் விடுதித் தொழில் நின்றது.

அடுத்த வருஷம் கவிஞர் லாங்ஃபெல்லோ ஒரு நண்பருடன் இந்த வீட்டைப் பார்க்க வந்தார். ஓராண்டுக்கு முன்புதான் அவருடைய மனைவி உடையில் தீப்பிடித்து மாண்டு போயிருந்தாள். அந்தப் பழைய விடுதி அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. 1863-ல் வெளிவந்த அவருடைய நூலில், இங்கே கணப்பைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விடுதிக்காரராக வருபவர் லைமனேதான். வீட்டுக்குப் புகழ் வந்தது. அனுபவிக்க அவர் இல்லை.

கதை சொல்லுகிறவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள்! லைமனுக்கு ஜெருஷா என்று ஒரு சகோதரி இருந்தாள். பியானோ வாசிப்பாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1842-ல் காலமானாள். இவ்வளவுதான் நிச்சயம். இங்கிலாந்துக்காரன் ஒருவன் அவளை மணப்பதாக வாக்களித்துவிட்டுக் கப்பலேறினான், திரும்பவே இல்லை என்பது ஊர்ப் பேச்சு. நள்ளிரவில் பியானோச் சத்தம் கேட்கிறது என்றும் சொல்வார்கள். அதை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

1923-ல் மோட்டார் மன்னர் ஹென்ரி ஃபோர்டு இந்த இடத்தை வாங்கினார். மேரியின் பின்னால் ஆட்டுக்குட்டி ஓடிய பள்ளிக்கூடம் இதுதான் என்று நம்பி, வேறோர் ஊரிலிருந்து ஒரு பள்ளியையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார். அதைவிட வேடிக்கை, மோட்டார்களின் ஓட்டத்தில் பழைய சுவர்கள் அதிர்கின்றன என்று நெடுஞ்சாலையையே தள்ளிப் போடச் செய்தார். அந்த மோட்டார்களை ஊரெங்கும் ஓடவிட்டவர் யாராம்?

1955 டிசம்பரில் தீ பிடித்துக் கட்டடம் பெரும்பாலும் எரிந்தது. செப்பனிட்டு 1958-ல் மறுபடி திறந்தார்கள். அது இப்போது ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

மாடியில் ஜெருஷாவின் அறை என்று காட்டுவது ஒன்று உண்டு. அங்கே தங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தங்கள் காதல், கல்யாணம், துக்கம் எதுவானாலும் ஒரு சீட்டில் எழுதி, மேஜை இழுப்பறைகளிலும் உத்தரத்து இடுக்குகளிலும் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வந்தவர்கள் தேடி எடுத்துப் படிப்பார்கள். படித்துவிட்டு அதே இடத்தில் செருகி வைப்பார்கள். பல சீட்டுகள் ஜெருஷாவின் பெயருக்கே எழுதப்பட்டவை.