காற்றுக்கு இட்ட கடிவாளம்

தமிழ் ஆனர்ஸ் பயிலும் மாணவன் மோட்டார் யந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், இலக்கணம் கற்போன் கையில் எண்ணெய்க் கறை ஏன் என நண்பர்கள் நகைப்பர். கோவையில் மோட்டார்ப் பட்டறை நடத்திவரும் என் பெரியப்பாவின் மகனாகிய தமையனாரும் முதலில் அவ்வாறே நகைத்தார். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் அப்பட்டறையில் யான் கற்ற பாடமொன்று என் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. எனக்குப் பெருமை தராததெனினும், அதனை மறையாது ஈண்டு உரைப்பேன்.

பந்தயத் திடலில் மட்டும் ஓட்டுவதற்கெனத் தமையனார் வைத்திருந்த பழைய பெட்ரோல் கார் டர்போ பொருத்தியது. டர்போவின் தத்துவம் எளிது. யந்திரத்தினின்று வீணே வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதனோடு ஒரே அச்சில் பிணைந்த மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி யந்திரத்துள் செலுத்தும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரிய, ஆற்றல் பெருகும். ஸ்விட்ஸர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை நாடினார்.

ஆனால் ஆற்றல் பெருகப் புகை பெருகும். புகை பெருகச் சக்கரம் விரையும். அது மேலும் காற்றைத் திணிக்கும். தடுப்பார் இல்லையேல் பிஸ்டன் உடையவுங் கூடும். ஆதலின், புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தில் படாது விலக்கிவிட வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு உண்டு. அழுத்தப்பட்ட காற்று ஒரு ரப்பர்க் குழாய் வழியே சென்று சுருள்வில்லை எதிர்த்துத் தள்ள, அக்கதவு திறக்கும். எங்கள் காரின் வில், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.5 பார் ஏறியதும் இணங்கிக் கொடுப்பது.

தமையனார் விரும்பியது 0.8 பார். அதற்காக அக்குழாயின் நடுவே மூன்று வாயில்களுள்ள சோலினாய்டு வால்வு ஒன்றை அமைத்தோம். மின்சாரம் பாயும்போது, கதவைத் தள்ளும் காற்று வெளியே கசிந்துவிடும். கதவு மூடியிருக்க, அழுத்தம் ஏறும். மின்சாரம் நின்றால் காற்று மீண்டும் கதவைத் தள்ளும். நொடிக்கு 30 முறை இவ்வாறு விட்டும் நிறுத்தியும் அழுத்தத்தை வேண்டிய அளவில் நிறுத்தலாம். அழுத்தத்தை அறிய ஓர் உணரி, கணக்கிட ஒரு மைக்ரோகண்ட்ரோலர்ப் பலகை, மின்சாரத்தை விட்டு நிறுத்த ஒரு டிரான்சிஸ்டர், சுருளில் எழும் எதிர்மின்னழுத்தத்தைத் தாங்க ஒரு டயோடு. இவையே எங்கள் கருவி. நிரல் எழுதியவனும் குழாய் பூட்டியவனும் யானே.

செட்டிப்பாளையத்துப் பந்தயத் திடலில் முதல்நாள் ஓடியபோது முள் 0.5 பாரைத் தாண்டவில்லை. “என்ன தம்பி, உன் பெட்டி உறங்குகிறதா?” என்றார் தமையனார். அன்றிரவு வால்வோடு வந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான், இரு குழாய்களை இடம் மாற்றிப் பூட்டிவிட்டேனோ என்ற ஐயம் எழுந்தது. அவ்வாறாயின், மின்சாரம் பாய்கையில் கதவு திறக்கும், நின்றாலோ திறவாது. அழுத்தம் போதாதென என் நிரல் மேலும் மேலும் மின்சாரம் விட, கதவும் திறந்தே இருந்திருக்கும். பெருந்தீங்கு வெறுஞ் சோர்வு போலத் தோற்றியது.

மறுநாட் காலையில் அதனைச் சொல்லியிருத்தல் வேண்டும். ஆனால் பட்டறை ஆட்கள், “புலவர் வந்துவிட்டார்!” என்று சூழ்ந்து நின்றனர். நாணம் என் நாவைக் கட்டிவிட்டது. ஓட்டம் முடிந்தபின் ஒருவரும் அறியாமல் மாற்றிவிடலாம் என எண்ணி, வாய்மூடித் தமையனாரின் அருகில் அமர்ந்தேன்.

மூன்றாஞ் சுற்றில் அதிர்வினால் மின்கம்பி ஒன்று கழன்றது. வால்வு ஓய்ந்தது, கதவு அடைத்துக்கொண்டது. இரண்டொரு நொடியில் முள் 1.2 பாரைக் கடந்தது. தகரப் பெட்டியிற் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல் யந்திரத்துள் ஓசை எழுந்தது. தமையனார் சட்டென ஆக்ஸிலரேட்டரினின்று காலை எடுத்தார். யந்திரம் பிழைத்தது; நாங்களும் பிழைத்தோம்.

காரினின்று இறங்குமுன் உண்மை முழுவதையும் கூறினேன். அவர் சினக்கவில்லை. “குழாயை மாற்றிப் பூட்டியது பெரிதல்ல, தம்பி. தெரிந்தும் என்னை ஓட்ட விட்டாயே!” என்றார். அவ்வொரு சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

குழாய்களைச் சரியாய்ப் பூட்டியபின், வேண்டுமென்றே மின்கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினோம். முள் 0.5-இல் நின்றது, கருவி ஓய்ந்தபின்னும் வில் காவல் காத்தது. கம்பியை இணைத்தபோது 0.8-க்கு ஏறி அங்கே நிலைத்தது. ஸ்வீடன் நாட்டு ஸாப் நிறுவனத்தார் 1980-களின் தொடக்கத்தில் அமைத்த கட்டுப்பாட்டுக் கருவிக்கு, யந்திரத்துள் எழும் அத்தட்டொலியைக் கேட்கும் செவியும் உண்டு. எங்கள் பெட்டிக்கு அச்செவி இல்லை. அன்று எங்களைக் காத்தது தமையனாரின் செவியே.

நண்பர்களே, ஒரு கருவியைச் செய்வோர், அது செயலற்றுப் போம்போது எப்பக்கம் சாயும் என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். என் கருவியை அவ்வாறு ஆராயாதது ஒரு பிழை. என்னையே ஆராயாதது அதனினும் பெரும் பிழை. வால்வைத் திருத்த ஒரு நாழிகை போதுமாயிருந்தது. “யான் தவறினேன்” என்று உரிய வேளையிற் சொல்லும் பழக்கத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.