சிங்கப்பூர் ஒப்பந்தமும் எங்கள் ஊர்ப் பையனும்



காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ‘சுங்கம்’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு முன்பே ‘துவான்’ என்ற பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரியும். அப்பா சொன்ன பழங்கதைகளில் பாதி துவானைப் பற்றியதுதான். பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் 1941-இல் சுங்க உடன்பாடு ஒன்று செய்துகொண்டன. 1949-இல் அது முறிந்தது. அதற்குப் பிறகு காரைக்காலிலிருந்து நாகூருக்குப் போனால்கூடப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததாம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் போனதும் அந்தச் சோதனையும் போயிற்று. எங்கோ போடுகிற கையெழுத்து நம் கைப்பை வரைக்கும் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக ஓய்வு பெற்றபின், மனைவியின் ஊரான கீரமங்கலத்துக்கு வந்து சேர்ந்தேன். பூவும் தென்னையும் வாழவைக்கும் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னையில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டுப் போனது. கன்று நட்டுக் காய் பார்க்க வருஷங்கள் ஆகும். அதுவரை வீட்டுக்கு ஒரு பையன் சிங்கப்பூரைத்தான் பார்க்கிறான்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். கட்டட வேலைக்கு ‘டெஸ்ட்’ அடித்துப் பாஸ் செய்திருக்கிறான். ஏஜெண்ட் கேட்கும் பணத்துக்கு அப்பா நிலத்தை ஒத்திக்கு வைக்கப் போகிறார்.

“ஐயா, சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒப்பந்தம் இருக்குன்னு சொல்றாங்களே. அப்புறம் நாங்க எதுக்கு இவ்வளவு பணம் கட்டணும்?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டு, படித்துப் பார்த்தேன்.

சிங்கப்பூரின் பரப்பு நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. விளைநிலம் மிகக் குறைவு, குடிதண்ணீரில் ஒரு பகுதி இன்றும் மலேசியாவிலிருந்து வருகிறது. ஆனால் அதன் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டினால் நாட்டின் ஆண்டு உற்பத்தி மதிப்பைப் போலச் சுமார் மூன்று மடங்கு வரும். வியாபாரம் நின்றால் அடுப்பு அணைந்துவிடும் நாடு. உலக வர்த்தக அமைப்பின் சியாட்டில் மாநாடு 1999-இல் தோல்வியில் முடிந்தது. எல்லோரும் ஒன்றாக உட்காரும் வரை காத்திருக்க முடியாது என்று, சிங்கப்பூர் ஒவ்வொரு நாட்டின் கதவையும் தனித்தனியாகத் தட்டியது. நியூசிலாந்து ஒப்பந்தம் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு ஜப்பான், ஆஸ்திரேலியா, 2004-இல் அமெரிக்கா, 2009-இல் சீனா, 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம். இன்று மொத்தம் 25-க்கு மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூர் பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதி வரியே போடுவதில்லை. பீர் போன்ற சில மதுவகைகளுக்குத்தான் சுங்க வரி வைத்திருந்தது. விட்டுக்கொடுக்க வரி இல்லாதவன் எதைக் கொடுத்துப் பேரம் பேசுவான்? ‘இனிமேலும் வரி போடமாட்டேன்’ என்ற எழுத்துமூல உறுதி, வங்கி, காப்பீடு, முதலீடு, காப்புரிமை, அரசு டெண்டர் ஆகியவற்றில் இடம்: இவைதான் அவர்கள் கொடுத்த சரக்கு. 1992 முதல் தடையில் இருந்த சூயிங் கம்மில் மருத்துவக் குணமுள்ள வகைகளை மட்டும் 2004-இல் அனுமதித்ததும் அமெரிக்க ஒப்பந்தத்தின் விளைவே.

இந்தியாவுடனான விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் மன்மோகன் சிங்கும் லீ சியென் லூங்கும் 2005 ஜூன் 29-இல் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். ஆகஸ்ட் 1 முதல் அமல். அதில் என்னைக் கவர்ந்தது ‘பிறப்பிட விதி’. சலுகை வரியில் பொருள் வரவேண்டுமானால் அது அந்த நாட்டில்தான் உருவானது என்று சான்று வேண்டும். வேறு நாட்டுச் சரக்கை வாங்கி, பெயரை மாற்றி அனுப்பினால் செல்லாது. தாசில்தார் அலுவலகத்தில் நாம் வாங்கும் இருப்பிடச் சான்றிதழின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைப் பற்றியும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. பையனின் கேள்விக்குப் பதில் அங்கேதான். அதில் வருகிறவர்கள் வியாபாரப் பயணிகள், ஒரே கம்பெனிக்குள் மாற்றலாகும் அதிகாரிகள், பொறியாளர், கணக்காளர் போன்ற படித்த தொழில்காரர்கள். சாரம் கட்டுகிறவனும் கம்பி வளைக்கிறவனும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் போவது சிங்கப்பூர் தன் தேவைக்கேற்பக் கொடுக்கும் ஒர்க் பெர்மிட்டில். அந்த ஒப்பந்தத்தால் இந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அங்கே 2021-இல் பாராளுமன்றம் வரை விவாதம் நடந்தது. எங்கள் ஊர்ப் பையன்களோ அந்த ஒப்பந்தத்துக்கு உள்ளேயே இல்லை.

இதைச் சொன்னபோது பையன் முகம் வாடியது. “பொருளுக்குப் பேசியிருக்காங்க, எங்களுக்குப் பேசலையா ஐயா?” என்றான். அவன் அப்பா ஒன்றும் பேசவில்லை.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்ன நாடு தன் மக்களுக்காக வரிவரியாகப் பேரம் பேசியிருக்கிறது. அது அவர்கள் கெட்டிக்காரத்தனம். நாமும் பேசுகிறோம். ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் புரட்டினாலும், நிலத்தை ஒத்திவைத்துப் போகிறவனுக்காக ஒரு வரி கிடைக்கவில்லை. அடுத்த முறை திருத்தப் பேச்சுக்குப் போகும் அதிகாரிகளில் ஒருவராவது ஏஜெண்ட் கட்டணத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.

அதுவரை, போகிற பிள்ளைகளுக்குக் குமாஸ்தா புத்தியில் சில வார்த்தைகள். ‘ஐ.பி.’ என்று நீங்கள் சொல்லும் அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதில் போட்டிருக்கும் சம்பளமும் ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஏஜெண்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

படிக்கத் தெரியாத காகிதம் எதுவானாலும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எடுத்து வரலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துச் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.