பட்டி(யே) மன்றம்!

அப்பா விட்டுப் போன சொத்து, 1985 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று. 'எடைக்குப் போடுடா' என்றது சொந்தம். மனசு கேட்கவில்லை. டிங்கரிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

பட்டறைப் பெரியவர் பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கதவில் வைத்தார், ஒட்டியது. மட்கார்டில் வைத்தார், பொத்தென்று விழுந்தது!

'உள்ளே பூரா பட்டி தம்பி. எவனோ துருவை வெட்டாம மேலே அப்பியிருக்கான்.'

பி.காம். படித்தவனுக்குப் புரியாதா? நஷ்டத்தை மறைத்த பாலன்ஸ் ஷீட்!

'இப்பவும் அப்பிடலாம், செலவு கம்மி. ஆனா பட்டி ஈரத்தை இழுக்கும், துரு உள்ளேயே தின்னும், அப்புறம் உப்பிக்கும்' என்றார். வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தால் மூன்று மடங்கு செலவு. தீபாவளி போனஸை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

தகட்டைத் தட்டி நேராக்கிய பிறகுதான் பட்டி. அதுவும் மூன்று மில்லிமீட்டருக்குள். தேய்த்து பிரைமர் அடித்ததும் சாம்பல் கலரில் வண்டி ஜம்மென்று நின்றது.

'இப்படியே ஓட்டிட்டுப் போகவா?'

'பிரைமர் தண்ணி குடிக்கும் தம்பி! மழைக்கு முன்னாடி பெயிண்ட் ஏறணும்.'

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பர்ஸோடு ஒரு காந்தமும் இருக்கட்டும். அதை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், இருக்கிற பெயிண்டும் கீறிடப் போகுது!