பழைய வண்டியில் வோல்டேஜும் மின்தடையும்

பழைய பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட் மின்சாரம் இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றில் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சி.பி. பாயிண்ட் விலகியதும் ஓட்டம் அறுபடுகிறது. காயிலின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. அறுபடும் நேரத்தில் எத்தனை ஆம்பியர் ஓடியதோ அதற்கேற்பவே பொறியின் வலு அமையும்.

அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவற்றைச் செங்கல்பட்டு வட்டாரத்தில் இன்றும் ஓட்டத்தில் வைத்திருப்பவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள். புதுக் காயில் வாங்கும்போது அவர்கள் முதலில் பார்ப்பது அதன் மின்தடை. சுமார் 3 ஓம் காயில் நேராக 12 வோல்ட்டில் இயங்கும். 1.5 ஓம் காயிலோடு ஏறக்குறைய அதே அளவு பாலாஸ்ட் தடை தொடராக இருக்க வேண்டும்.

இரண்டாவது வகையின் நன்மை செல்ஃப் அடிக்கும்போது தெரியும். அப்போது பேட்டரி 9 வோல்ட் வரை இறங்கினால் 3 ஓம் காயிலுக்குக் கிடைப்பது 3 ஆம்பியர். பாலாஸ்டைத் தாண்டி மின்சாரம் பெறும் 1.5 ஓம் காயிலுக்கு 6 ஆம்பியர் கிடைக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கி வோல்டேஜ் 14-ஐத் தொட்டதும், பாலாஸ்ட் மின்னோட்டத்தை 5 ஆம்பியருக்குள் நிறுத்துகிறது. பாலாஸ்ட் இல்லாமல் அதே காயிலை மாட்டினால் ஓட்டம் 9 ஆம்பியரைத் தாண்டலாம். காயில் கொதிக்கும், பாயிண்ட் தீய்ந்து குழி விழும். மாறாக, 3 ஓம் காயிலோடு பாலாஸ்டும் சேர்ந்தால் பொறி மெலியும்.

வேண்டிய தடையைக் காப்பதைப் போலவே வேண்டாத தடையை நீக்குவதும் இத்தொழிலின் பாதி. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று டெர்மினல்களிலும் எர்த் பட்டையிலும் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. 4 ஆம்பியர் ஓடும் சுற்றில் கால் ஓம் கூடினாலே 1 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண ஓம் மீட்டர் சரியாகக் காட்டாது. ஆகவே சாவியைத் திருப்பி, பாயிண்ட் மூடிய நிலையில், டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைக்க வேண்டும். அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து, உலர்த்தி, கிரீஸ் பூசி இறுக்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து சாவி வழியாகக் காயில் வரையும் இதே சோதனை. அதன்பின் பாயிண்ட் இடைவெளி. பல லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் அது சுமார் 0.4 மி.மீ. பாயிண்ட் அடிக்கடி தீய்ந்தால் கண்டென்சரையும் சந்தேகிக்க வேண்டும். பிளக் ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் ஈரமின்றி, விரிசலின்றி இருக்கின்றனவா என்பது கடைசிச் சோதனை. இந்த வரிசையில் அளந்து போகிறவர் நல்ல காயிலைத் தூக்கி எறிய நேராது. வாடிக்கையாளரின் பணமும், இனிக் கிடைக்க அரிதான பழைய உதிரிபாகமும் மிஞ்சும்.