ஓர் ஆர்டருக்கு எவ்வளவு?

ஜனவரி 27, திருத்துறைப்பூண்டி

அக்கா வீட்டுக் களத்தில் மாப்பிள்ளைச் சம்பா காய்கிறது. அத்தான் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போனை நீட்டினார். "பாரு மாப்ளே, முப்பதாயிரம் பார்வை!"

"எத்தனை பை அரிசி போச்சு அத்தான்?"

"அது இனிமே போகும்."

பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006 முதல் விதைத் திருவிழா நடத்தி, பாரம்பரிய நெல்லுக்கு மறுபடி மவுசு தேடித் தந்தவர் நெல் ஜெயராமன். விளைவிக்க ஆள் வந்துவிட்டார்கள். விற்பதுதான் இப்போது பெரும்பாடாக இருக்கிறது. அதற்குத்தான் அத்தான் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டிருக்கிறார்.

ஜனவரி 28

அத்தானின் விளம்பரக் கணக்கைத் திறந்து பார்த்தேன். முப்பதாயிரமும் இம்ப்ரெஷன். ஒரே ஆள் கண்ணில் மூன்று தடவை பட்டால் அது மூன்று. ஆட்களைத் தனித்தனியாக எண்ணுவது ரீச். அது இதில் பாதிகூட இல்லை. க்ளிக்கிலும் இப்படித்தான்: 'எல்லா க்ளிக்' என்ற வரியில் லைக் போட்டவரும் சேர்த்தி, 'லிங்க் க்ளிக்' மட்டுமே விளம்பரத்தில் உள்ள இணைப்பைத் தொட்டவர்கள்.

ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆகும் செலவு சிபிஎம். விளம்பர இடம் ஏலத்தில் போவதால் தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் புகுந்து விலையை ஏற்றிவிடும். அத்தானுக்கு சிபிஎம் மலிவுதான். ஆனால் நோக்கம் என்ற இடத்தில் அவர் லைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். லைக் போடும் பழக்கமுள்ளவர்களாகப் பார்த்து ஃபேஸ்புக் காட்டியிருக்கிறது. கேட்டது கிடைத்தது.

ஜனவரி 30

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று அத்தானுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "உங்க முப்பதாயிரம் ஈர நெல்லு, காயவச்சுத்தான் எடை போடணும்" என்றேன். சிரித்துவிட்டு நோட்டை எடுத்துவந்தார்.

கணக்குக்காக விளம்பரச் செலவு 2,000 என்று வைத்தோம். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்து 2,360. வாட்ஸ்அப்பில் 59 பேர் விசாரித்தால், விசாரிப்புக்கு 40 ரூபாய். அவர்களில் 20 பேர் ஆளுக்கு ஒரு பை வாங்கினால், ஆர்டருக்கு 118. நெல், அரவை, பை, கூரியர் எல்லாம் போக ஒரு பையில் 100 ரூபாய் நின்றால், பைக்கு 18 ரூபாய் கைநஷ்டம். வாங்கியவர் அடுத்த மாதம் தானாகவே கேட்டு வந்தால் அந்தப் பைக்கு விளம்பரச் செலவே இல்லை. அதனால் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை நோட்டில் தனியாக வைக்கச் சொன்னேன்.

வீடியோ போடலாமா என்றார். போடலாம், ஆனால் காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. மூன்று வினாடிக்குள் நகர்ந்துவிட்டவர்களைச் சேர்க்காமலே சராசரி பார்வை நேரத்தைக் கூட்டிக் காட்டிவந்ததை ஃபேஸ்புக்கே 2016இல் ஒப்புக்கொண்டது.

பிப்ரவரி 2

லைக் விளம்பரத்தை நிறுத்தி, வாட்ஸ்அப்பில் பேசவைக்கும் விளம்பரமாக மாற்றினோம். அரிசியோ பொம்மையோ, விற்கிறவர்களுக்கு நான் சொல்வது: பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானைத் தொடுமுன் ஓர் ஆர்டரில் கையில் எவ்வளவு நிற்கும் என்று எழுதிவையுங்கள். அந்தத் தொகை தெரியாத வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.