சாவி என் பையில் இருக்கிறது!

உங்கள் வீட்டு வாசலில் மோட்டார் கார் நிற்கிறதா? வீட்டில் நாலைந்து வயதுக் குழந்தையும் இருக்கிறதா? அப்படியானால் சகோதரிகளே, நான் சொல்லப் போகும் சமாசாரம் உங்களுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து பத்திரிகையும் கையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில், "பாம்! பாம்!" என்று ஒரே சத்தம். ஹார்ன் அல்ல, என் ஐந்து வயதுப் பேரனின் தொண்டை. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் ஸீட்டில் மண்டியிட்டு நின்றபடி, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருவரையும் காணோம்.

"ஏண்டா, குழந்தையைத் தனியாகக் காரில் விட்டிருக்கிறாயே?" என்று என் பிள்ளையிடம் கேட்டேன்.

அவன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சாவி என் பையில் இருக்கிறது, அம்மா. என்ன ஆகிவிடப் போகிறது?" என்றான்.

எனக்கு உடம்பு ஒரு முறை நடுங்கிற்று. இதே வார்த்தைகளை 1964-ஆம் வருஷம் என் தகப்பனார் வாயால் கேட்டவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் இருந்தோம். அப்பாவிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, எங்கள் வீட்டைத் தெருவைவிட உயரமாகக் கட்டியிருந்தார்கள். போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை நல்ல சரிவு.

அப்பா அஜாக்கிரதைக்காரர் அல்ல. அந்தக் காரில், எஞ்சினைக் கிளப்ப ஒரு குமிழ் உண்டு. சாவி போடாவிட்டாலும், அதை இழுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும். வண்டி கியரில் இருந்தால் ஒரு துள்ளுத் துள்ளும். குழந்தைகள் குமிழை இழுத்துவிடப் போகிறார்களே என்றுதான் அவர் வண்டியை நியூட்ரலில் நிறுத்துவார். ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையும் வைப்பார். "சாவி என் பையில் இருக்கிறது. என்ன ஆகிவிடப் போகிறது? விளையாடட்டும்" என்பார்.

என் தம்பிக்கு ஆறு வயது. அவன் டிரைவர், நான் கண்டக்டர். பாரிமுனைக்குப் போகும் பஸ். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. பஸ் என்றால் படிக்கட்டு வேண்டாமா? பின் சக்கரத்தடியிலிருந்த கட்டையை உருவி, கதவருகில் போட்டு, அதன்மேல் ஏறி நின்றேன். "பாரிமுனை! பாரிமுனை! ரைட்!" என்று கத்தினேன்.

தம்பி அப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். ஹாண்ட்பிரேக்கின் நுனியிலிருந்த பொத்தானை அழுத்திக் கீழே தள்ளினான்.

வண்டி நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பின்பக்கமாக. தம்பி கைகொட்டிச் சிரித்தான். பஸ் நிஜமாகவே ஓடுகிறதே! நான் கட்டையின்மேல் நின்றபடி வாயடைத்துப் போனேன்.

திறந்திருந்த கேட்டருகே கீரைக்காரி கூடையை இறக்கி வைத்திருந்தாள். அந்தக் கூடையின்மேல் வண்டி ஏறி இறங்கிற்று. தெருவைக் கடந்து எதிர்வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. ஸ்டியரிங்கில் மோதித் தம்பியின் நெற்றியில் மூன்று தையல்.

கூடையருகில் உட்கார்ந்திருந்தவள் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? அரை நிமிஷத்துக்கு முன்னால், "வெயிலில் வந்திருக்கிறாயே, ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போ" என்று பாட்டி அவளை வாசற்படிக்குக் கூப்பிட்டிருந்தாள். டம்ளரைக் கையில் பிடித்தபடி, நசுங்கிய கூடையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அங்கேதானே குந்தியிருந்தேன், அம்மா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்பா எங்களை அடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே! சாவி எஞ்சினுக்குத்தான் காவல், சரிவுக்கு அல்ல. இந்தக் காலத்துச் சின்னக் கார்கூட ஏறக்குறைய எழுநூறு, எண்ணூறு கிலோ எடை. அது உருளுவதற்குப் பெட்ரோலும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

"கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா?" என்பீர்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது கிளட்சை மிதிக்காமலே பெரும்பாலும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடலாம். "உருண்டால் பிரேக்கை மிதித்தால் ஆயிற்று" என்பீர்கள். எஞ்சின் ஓடாத காரில் இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் பிரேக் கல்லாக இறுகிவிடும். குழந்தையின் கால் அதற்கு எட்டினால்தானே! ஸ்டியரிங்கைத் திருப்பலாம் என்றாலோ, சாவியை எடுத்த பிறகு அது பூட்டிக்கொள்ளும். பாட்டுக் கேட்கட்டும் என்று சாவியைக் கொடுத்தால் அது இன்னும் மோசம். கியரிலிருக்கும் வண்டியில் சாவியைத் திருகினால் பல கார்கள் இன்றும் துள்ளத்தான் செய்யும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இன்று நாம் உட்காரவைத்த இடத்தில் நாளைக்குக் குழந்தை தானாகவே ஏறி உட்காரும். கதவைச் சாத்திக்கொள்ளும், திறக்கத் தெரியாது. வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும்.

அதற்காக, 'காரைத் தொடாதே' என்று பேரனை விரட்டினேனா? இல்லை. அந்த முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சட்டம் போட்டேன். சமதரையில் நிற்கும்போதுதான் விளையாட்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் கல் வைத்திருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்து ஸீட்டில், ஹாண்ட்பிரேக்கின்மேல் கையை வைத்தபடி, உட்கார்ந்திருக்க வேண்டும். விளையாட்டு முடிந்ததும் காரைப் பூட்டி, சாவியைக் குழந்தைக்கு எட்டாத ஆணியில் மாட்ட வேண்டும்.

என் பிள்ளை கதையைக் கேட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போய்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வந்தான்.

இப்போது பக்கத்து ஸீட் எனக்குத்தான். "பாட்டி, நீதான் கண்டக்டர். ரைட் சொல்லு!" என்கிறான் பேரன். நானும் சொல்லுகிறேன். சொல்லும்போதெல்லாம் என் கை ஹாண்ட்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொள்ளுகிறது.